கார்பன் வரி ஏழைகள் தலையில் விழுமா? பணம் திரும்பும் வழியைப் பாருங்கள்

கேள்வி இது: "நிலக்கரி, பெட்ரோல், டீசல் மீது கார்பன் வரி போட்டால் பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கிறார்கள். எரிபொருள் விலை ஏறினால் முதலில் அடிபடுவது ஏழைதானே? வசூலான பணத்தை மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பொருளாதார வல்லுநர்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருமா?"

ஒத்துவரும், ஆனால் நிபந்தனைகளோடு. பணத்தைத் திருப்பித் தராவிட்டால், வளர்ந்த நாடுகளில் இந்த வரியின் பாரம் வருமான விகிதப்படி ஏழைக்கே அதிகம். தலைக்கு இவ்வளவு என்று சமமாகத் திருப்பித் தந்தால் ஏழைகளில் பெரும்பாலோருக்கு வரி போக மிச்சமே நிற்கும். அந்தப் "பெரும்பாலோரில்" அடங்காதவர்கள் யார், அவர்களை என்ன செய்வது என்பதில்தான் பல அரசுகள் சறுக்கின.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். அதை எரித்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது; 12 கிலோ கார்பன் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகும். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோ. நிலக்கரியில் எடுத்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.9 முதல் 1 கிலோ வரை, இயற்கை எரிவாயுவில் எடுத்தால் 0.4 கிலோ அளவுக்கு.

கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கு 50 டாலர் வரி என்றால் கிலோவுக்கு 5 சென்ட். பெட்ரோல் லிட்டருக்கு 11.5 சென்ட் ஏறும், டீசல் 13.5 சென்ட், நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு 4.5 முதல் 5 சென்ட். ஒரே வரிதான், ஆனால் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர் முணுமுணுத்தபடி கட்டிவிட்டுப் போவார். நிலக்கரி மின்நிலையத்துக்கோ அது உயிர்ப் பிரச்சினை. பிரிட்டனில் நடந்தது இதற்குச் சான்று. 2013-இல் அங்கே மின் உற்பத்திக்கு கார்பன் அடிவிலை, அதாவது கார்பனுக்கு இதற்குக் கீழே போகாத ஒரு விலை, கொண்டுவந்தார்கள். உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஐரோப்பியச் சந்தையின் விலைக்கு மேல் டன்னுக்கு 18 பவுண்டு வரை கூடுதலாக வைத்தார்கள். 2012-இல் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையம், ராட்கிளிஃப், மூடப்பட்டது. காரணம் வரி மட்டும் அல்ல, காற்றாலைகளும் பழைய நிலையங்களின் வயதும் சேர்ந்துதான். ஆனாலும் எரிவாயு முந்திக்கொள்ளவும் நிலக்கரி பின்தங்கவும் அந்த விலை பெரிய காரணம்.

வசூலிக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. கோடிக்கணக்கான வீடுகளிடம் போய் வசூலிக்க வேண்டியதில்லை. சுரங்க வாயில், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், எரிவாயுக் குழாய் நாட்டுக்குள் நுழையும் இடம் என்று சில நூறு அல்லது சில ஆயிரம் இடங்களில் வசூலித்தால் போதும். எரிபொருளில் உள்ள கார்பன் முன்கூட்டியே தெரியும் என்பதால் புகைபோக்கியில் கருவி வைத்து அளக்கவும் தேவையில்லை. வசூல் இந்த விஷயத்தில் சுலபமான பாதி.

இப்போது பங்கீடு. ஐந்து குடும்பங்களை வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 10,000, 20,000, 35,000, 60,000, 1,50,000 டாலர். ஆண்டு உமிழ்வு 4, 6, 8, 12, 20 டன். டன்னுக்கு 50 டாலர் என்றால் அவர்கள் செலுத்துவது 200, 300, 400, 600, 1,000 டாலர். தொகையைப் பார்த்தால் பணக்காரர் ஏழையைப் போல ஐந்து மடங்கு கட்டுகிறார். வருமானத்தோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ்: ஏழைக்கு 2 சதவீதம், பணக்காரருக்கு 0.67 சதவீதம். "கார்பன் வரி ஏழையின் வரி" என்பவர்கள் இந்தச் சதவீதத்தைக் காட்டுகிறார்கள். அது சரியான கணக்கு.

மொத்த வசூல் 2,500 டாலர். அதை ஐந்தாகப் பிரித்து குடும்பத்துக்கு 500 கொடுத்தால் (இப்படித் திரும்பும் தொகையை ஈவுத்தொகை என்போம்) முதல் குடும்பத்துக்கு 300 மிச்சம், இரண்டாவதற்கு 200, மூன்றாவதற்கு 100. நான்காவது 100 இழக்கிறது, ஐந்தாவது 500 இழக்கிறது. அதே வரிதான், பணம் திரும்பியதும் ஏழைக்குச் சாதகமாகிவிட்டது. பணக்காரர்கள் சராசரியைவிடப் பல மடங்கு எரிபொருள் செலவழிப்பதால்தான் இது நடக்கிறது. உலக அளவில் மேல்தட்டு 10 சதவீத மக்கள் ஏறக்குறைய பாதி உமிழ்வுக்குக் காரணம். கீழ்ப்பாதி மக்களின் பங்கு எட்டில் ஒன்றுதான்.

இதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். நிறுத்தக் கூடாது. அந்த மூன்றாவது குடும்பம் ஊருக்கு வெளியே, பேருந்து வராத இடத்தில் இருக்கிறது, வேலைக்குத் தினமும் பழைய டீசல் காரில் 60 கிலோமீட்டர் போய்வருகிறது, வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கிறது என்று வையுங்கள். உமிழ்வு 8 டன்னுக்குப் பதில் 14 டன். மொத்த வசூல் 2,800 ஆகும், ஈவுத்தொகை 560 ஆகும். இந்தக் குடும்பம் கட்டுவது 700. 140 டாலர் நஷ்டம். அதே 35,000 வருமானத்தில், நகரத்தில் ரயிலேறி வேலைக்குப் போகும் குடும்பம் லாபத்தில் இருக்கிறது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாட்டைவிட, ஒரே வருமானம் உள்ளவர்களுக்கு நடுவே வரும் இந்த வேறுபாடுதான் தெருவில் போராட்டமாக வெடிக்கிறது. சராசரிக் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது.

பிரான்சில் நடந்தது அதுதான். 2014-இல் டன்னுக்கு 7 யூரோவில் தொடங்கிய கார்பன் வரி 2018-இல் 44.60 யூரோ ஆனது; 2019-இல் 55 ஆக ஏறுவதாக இருந்தது. டீசலுக்கு இருந்த வரிச் சலுகையையும் படிப்படியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வசூலில் பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்குக்குப் போனது. அதே 2018-இல் செல்வ வரியைச் சுருக்கி, வீடு நிலம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கிராமப்புறத்தில் டீசல் கார் வைத்திருந்தவர் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலங்கி அணிந்தவர்கள் சாலைகளை மறித்தார்கள். 2019 உயர்வு கைவிடப்பட்டது. அந்த மக்கள் பருவநிலைக்கு எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மாற்று வழி இல்லாதவரிடம் விலையை ஏற்றினால் அவர் பயணத்தைக் குறைக்க மாட்டார், வேறு செலவைக் குறைப்பார். பருவநிலைக்கும் பயனில்லை, குடும்பத்துக்கும் கேடு.

இந்த நஷ்டக் குடும்பங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அவர்கள் வாங்கும் எரிபொருளுக்கு விலக்கு. மற்றது, வரியை அப்படியே வைத்துக்கொண்டு பணமாகக் கூடுதலாகக் கொடுப்பது. இரண்டாவதே நல்லது; விலக்கு ஒரு இடத்தில் தொடங்கினால் நிற்காது. கனடாவின் அனுபவத்தைப் பாருங்கள். அங்கே 2019-இல் டன்னுக்கு 20 கனடா டாலரில் தொடங்கிய கூட்டாட்சி எரிபொருள் கட்டணத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குடும்பங்களுக்குத் திரும்பியது. முதல் பெரியவருக்கு முழுத் தொகை, துணைவருக்கு அதில் பாதி, ஒவ்வொரு குழந்தைக்கும் கால்பங்கு. கிராமப்புறத்தினருக்கு 10 சதவீதம் கூடுதல். 2024-இல் அதை 20 ஆக்கினார்கள். அடிப்படை வடிவம் நன்றாகவே இருந்தது. 2023 அக்டோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு அறிவித்தார்கள். எண்ணெயை அதிகம் பயன்படுத்துவது கிழக்குக் கடலோர மாகாணங்கள். இயற்கை எரிவாயுவில் சூடாக்கும் மாகாணங்கள் "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டன. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முடியாமலே அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான கட்டணம் பூஜ்ஜியமாக்கப்பட்டது. பெருந்தொழிற்சாலைகளுக்கான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது.

விலக்குக்கு நான் சம்மதிக்கும் ஒரே இடம், வருமானம் குறைந்த நாடுகளில் சமையல் எரிவாயு. அதன் விலை ஏறினால் மக்கள் விறகுக்கும் சாணத்துக்கும் திரும்புவார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பெண்களும் குழந்தைகளும். அங்கே பெட்ரோல் மீதான வரி பணக்காரர் மேல்தான் அதிகம் விழும், ஏனென்றால் ஏழையிடம் வண்டியே இல்லை. டீசல் நடுவில் நிற்கும்: பேருந்துக் கட்டணம், சரக்கு லாரி வாடகை வழியாக அது எல்லோரிடமும் வந்துசேரும். ஆகவே "எரிபொருள்" என்று ஒரே சொல்லில் பேசுபவரிடம் எந்த எரிபொருள் என்று கேளுங்கள்.

அடுத்தது பணம் எப்போது, எந்த வழியில் வருகிறது என்பது. விலை ஏறுவது முதல் நாளே தெரியும், பம்ப்பில் எண் ஓடும். ஈவுத்தொகை ஆறு மாதம் கழித்து வருமான வரிக் கணக்கில் கழிவாக வந்தால் யாருக்கும் தெரியாது. ஈரானில் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியங்களை வெட்டியபோது வரிசையைச் சரியாக அமைத்தார்கள். முதலில் வங்கிக் கணக்குகள் தொடங்க வைத்தார்கள். தலைக்கு மாதம் 4,55,000 ரியால் கணக்கில் போட்டார்கள். விலை ஏறும் நாளில்தான் எடுக்கலாம் என்று பூட்டி வைத்தார்கள். விலைகள் பல மடங்கு ஏறின, ஆனால் பெரிய கலவரம் இல்லை. பிறகு சறுக்கியது வேறு இடத்தில். வசூலைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். தொகையை ரியாலில் நிலையாக வைத்ததால் பணவீக்கம் அதைச் சில ஆண்டுகளில் தின்றுவிட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2008 ஜூலை 1 அன்று டன்னுக்கு 10 கனடா டாலரில் வரி தொடங்கியது. அதற்கு முந்தைய மாதமே ஆளுக்கு 100 டாலர் கொடுத்துவிட்டார்கள். வசூல் முழுவதையும் வருமான வரி, நிறுவன வரிக் குறைப்பாகவும் ஏழைகளுக்கான கழிவாகவும் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட உமிழ்வு 5 முதல் 15 சதவீதம் குறைந்ததாக ஆய்வுகள் மதிப்பிட்டன. ஏழைகளுக்கான தொகையில்தான் ஓட்டை விழுந்தது. 2012-க்குள் வரி 30 டாலராக, மூன்று மடங்கு ஏறியது. பெரியவர் ஒருவருக்கான கழிவு 100 டாலரிலிருந்து 115.50 ஆனது, அவ்வளவே. வசூலில் வளர்ந்த பகுதி நிறுவன வரிக் குறைப்புக்குப் போனது. தொகையை வரி விகிதத்தோடு சூத்திரமாகக் கட்டாமல் விட்டதன் விளைவு இது.

சுவிட்சர்லாந்தில் வீடு சூடாக்கும் எரிபொருளுக்கு டன்னுக்கு 120 ஃபிராங்க் வரி. மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது. மக்களின் பங்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 60 ஃபிராங்க். மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் கழிக்கப்படுகிறது. எல்லோரிடமும் காப்பீடு கட்டாயம் என்பதால் யாரும் விடுபடுவதில்லை. நிர்வாகத்துக்கு அருமையான வழி, அரசியலுக்கு மோசமான வழி: தனக்கு அப்படி ஒரு பணம் வருவதே பலருக்குத் தெரியாது. கனடாவிலும் பல வங்கிகளின் கணக்குப் பட்டியலில் "கனடாவிலிருந்து வரவு" என்பதுபோல் பொதுவாகத்தான் தெரிந்தது. 2024-இல் பெயரை மாற்றிப் பார்த்தார்கள், காலம் கடந்துவிட்டது. வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் கவனிக்க வேண்டியது. தாக்கல் செய்யாதவர்களில் பரம ஏழைகள் அதிகம். யாருக்காகத் திட்டமோ அவரே வெளியே நிற்பார்.

பணம் வேறு பக்கம் ஒதுங்குவதும் உண்டு. இந்தியாவில் 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய ஆற்றலுக்கான மேல்வரி தொடங்கி 2016-இல் 400 ரூபாய் வரை போனது. 2017-இல் அது ஜிஎஸ்டி இழப்பீட்டு மேல்வரியோடு சேர்க்கப்பட்டு, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது.

"பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதே பணத்தில் பெட்ரோல் போடமாட்டார்களா? பிறகு உமிழ்வு எப்படிக் குறையும்?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஈவுத்தொகை நீங்கள் எவ்வளவு எரித்தீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை. ஒரு டன் குறைத்தால் 50 டாலர் உங்கள் பையில் மிஞ்சும், ஈவுத்தொகை மாறாது. இதற்கு ஒரே நிபந்தனை, தொகையை யாருடைய எரிபொருள் ரசீதோடும் இணைக்கக் கூடாது. "நீங்கள் கட்டிய வரியை உங்களுக்கே திருப்பித் தருகிறோம்" என்று ரசீது பார்த்துக் கொடுத்தால் வரி போட்டதன் பொருளே போய்விடும்.

"எல்லாப் பொருளும் விலை ஏறும்" என்பதையும் அளந்து பார்க்கலாம். ஊதுலையில் ஒரு டன் எஃகு தயாரிக்க ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். டன்னுக்கு 50 டாலர் வரியில் எஃகு விலை 100 டாலர் ஏறும். எஃகு ஆலைக்கு இது கனமான அடி. ஒரு காரில் சுமார் 900 கிலோ எஃகு இருக்கிறது, அதாவது காரின் விலையில் 90 டாலர் ஏறும். 20,000 டாலர் காரில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. நுகர்வோருக்குச் சிறியது, ஆனால் வரி இல்லாத நாட்டிலிருந்து எஃகு வந்து இறங்கினால் உள்ளூர் ஆலை மூடும், உமிழ்வு இடம் மாறுமே தவிரக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் இறக்குமதிக்கு எல்லையில் கார்பன் விலை வைப்பது இதனால்தான். அதனால் ஏழை ஏற்றுமதி நாடுகளின் தொழிலாளர்கள் மேல் பாரம் விழுகிறது என்ற புகாரிலும் உண்மை உண்டு. வசூலில் ஒரு பகுதி அந்த நாடுகளின் ஆலைகளை மாற்றப் போக வேண்டும் என்பது என் கருத்து.

வேலை பற்றி தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈவுத்தொகையால் தீராத பிரச்சினை இதுதான். சுரங்கத்தில் வேலை இழந்தவருக்கு 500 டாலர் எதற்குக் காணும்? அவருக்குக் கூலி போகிறது. ஊராட்சிக்குச் சுரங்க வருவாய் போகிறது, பள்ளியும் மருத்துவமனையும் சுருங்குகின்றன. வேறு ஊருக்குப் போகலாம் என்றால் வீட்டை வாங்க ஆளில்லை. "மறுபயிற்சி தருவோம்" என்ற வாக்குறுதியை அப்படியே நம்ப வேண்டாம். சூரிய மின்பூங்கா கட்டும்போது நிறைய ஆள் வேண்டும். கட்டி முடிந்தபின் ஓட்டுவதற்குச் சிலர் போதும். நிலக்கரி நிலையத்தின் வேலையோ முப்பது, நாற்பது ஆண்டு நிரந்தர வேலை.

ஓரளவு ஒழுங்காக நடந்த இடங்களில் காலக்கெடு நீளமாக இருந்தது. ஜெர்மனியில் கருநிலக்கரிச் சுரங்க மானியம் 2018-இல் முடியும் என்று 2007-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். பதினோரு ஆண்டு கையில் இருந்தது. புதிதாக ஆள் எடுப்பதைச் சுருக்கி, மூத்தவர்களுக்கு ஓய்வூதியம் வரும்வரை இடைக்காலத் தொகை கொடுத்து, இளையவர்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப் நகரின் கடைசிச் சுரங்கத்தில் கடைசி நிலக்கரிக் கட்டியை மேலே கொண்டுவந்தார்கள். கட்டாய ஆட்குறைப்பு இல்லாமல் முடிப்பதே அங்கு கொள்கையாக இருந்தது. ஸ்பெயினில் 2018 அக்டோபரில் அரசும் தொழிற்சங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் 25 கோடி யூரோ ஒதுக்கி, 48 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வும், மற்றவர்களுக்குச் சுரங்க நிலங்களைச் சீரமைக்கும் வேலையும் பயிற்சியும் தந்தார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்பது. நிரந்தர ஊழியருக்குச் சங்கம் பேசும். லாரி ஓட்டுநர், ஏற்றி இறக்குபவர், சுரங்கத்து உணவகத்தில் வேலை செய்பவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வரி வேண்டாம், மானியம் கொடுத்தால் போதும் என்ற வாதமும் வலுவாக இருக்கிறது. மானியத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பது உண்மை. யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க வருமான வரிப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மின்கார் வரிச் சலுகையில் ஏறக்குறைய 90 சதவீதம் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்கே போனதாகத் தெரிந்தது. புதிய கார் வாங்க முடிந்தவருக்குத்தான் கார் மானியம் கிடைக்கும். மாற்று வழி இல்லாத இடத்தில் பேருந்து விடவும், ஏழை வீடுகளுக்கு வெப்பக் காப்பு போடவும் அரசுச் செலவு வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஸ்வீடன் 1991-இல் கார்பன் வரி போட்டபோது பல நகரங்களில் வீடுகளைப் பொதுக் குழாய் வழியாகச் சூடாக்கும் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. எரிபொருளை மரக்கழிவுக்கு மாற்றினார்கள், வீட்டுக்காரர் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வருமான வரியையும் அதே சீர்திருத்தத்தில் குறைத்தார்கள். இன்று அங்கே டன்னுக்கு 100 யூரோவுக்கும் மேல்.

ஒரு வரைவுச் சட்டம் உங்கள் முன் வந்தால் இதையெல்லாம் வைத்துப் படியுங்கள். ஈவுத்தொகை சட்டத்தில் சூத்திரமாக இருக்கிறதா, அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறதா? முதல் தவணை விலை ஏறுவதற்கு முன்னா, பின்னா? வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு என்ன வழி? கிராமப்புறக் கூடுதல் எந்த வரைபடத்தை வைத்து முடிவாகிறது? கடைசியாக, வசூல் குறையும்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். வரி வெற்றி பெற்றால் உமிழ்வு குறையும். முதல் உதாரணத்தில் 50 டன்னும் 50 டாலரும் சேர்ந்து 2,500 தந்தன. உமிழ்வு 25 டன்னாகக் குறைந்து வரி 120 டாலராக ஏறினால் 3,000, ஆளுக்கு 600, இன்னும் தாக்குப்பிடிக்கும். 5 டன்னுக்கு வந்துவிட்டால் 200 டாலர் வரியிலும் வசூல் 1,000தான், ஆளுக்கு 200. அதனால் முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்ற நிரந்தரச் செலவை இந்த வருவாயின் மேல் கட்டக் கூடாது. அப்படிக் கட்டிய அரசுக்கு நிலக்கரி எரிவது நிற்காமல் இருப்பதில்தான் அக்கறை வரும்.